கொங்கின் எல்லையும் தீர்ப்பாணையின் எல்லையும்

1799ஆம் ஆண்டு மைசூரின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது கொங்கு நாட்டின் கோயம்புத்தூர்ப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்குள் வந்தது. மைசூரோ உடையார் மரபிடம் தனிச் சமஸ்தானமாக ஒப்படைக்கப்பட்டது. அதுவரை ஒரே ஆட்சியின் கீழிருந்த நிலம் இரு நீதிமுறைகளுக்கு உரியதாயிற்று. மேற்கே பொள்ளாச்சியை ஒட்டிக் கொச்சியின் சித்தூர் வட்டமும், தெற்கே ஆனைமலைக்கு அப்பால் திருவிதாங்கூரும் இருந்தமையால், கொங்கு மக்களின் கொடுக்கல் வாங்கலும் மணவுறவும் கடந்து சென்ற எல்லையை நீதிமன்றத்தின் ஆணை எளிதில் கடக்க இயலவில்லை.

வழக்கின் முடிவில் நீதிமன்றம் வழங்கும் செயற்படுத்தத்தக்க ஆணை தீர்ப்பாணை எனப்படும். அது வழங்கிய அரசின் இறையாண்மைக்குட்பட்ட நிலப்பரப்பில் மட்டுமே தானாகச் செல்லுபடியாகும் என்பதால், சமஸ்தான நீதிமன்றங்களின் தீர்ப்பாணைகளைப் பிரிட்டிஷ் இந்தியச் சட்டம் அயல்நாட்டுத் தீர்ப்புகளாகவே கருதியது. எனினும் 1882ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டமும், பின்னர் 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44ஆம் பிரிவும், அரசிதழில் அறிவிக்கப்பட்ட சமஸ்தானங்களின் தீர்ப்பாணைகளை உள்நாட்டு நீதிமன்றத்தின் ஆணைகளைப் போலவே நிறைவேற்ற வழிசெய்தன. ஆகவே அண்டை நீதிமன்றத்தின் மீதான நம்பிக்கை அரசின் அறிவிப்பைச் சார்ந்ததாக இருந்தது.

அந்த நம்பிக்கைக்கும் வரம்புண்டு. பரீத்கோட் சமஸ்தான அரசருக்கும் குர்தியால் சிங்குக்கும் இடையிலான வழக்கில், அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1894இல் ஒரு விதியை உறுதிசெய்தது: ஓர் அரசின் எல்லைக்குள் வசிக்காதவரும், அதன் நீதிமன்ற அதிகாரத்துக்கு எவ்வகையிலும் இணங்காதவருமான ஒருவர்மீது, அவர் வராத நிலையில் வழங்கப்படும் பணத் தீர்ப்பாணை அந்த அரசுக்கு வெளியே செல்லாது. கொங்கு நாட்டு வணிகருக்கு இதன் பொருள் தெளிவானது. கடன்பட்டவர் எந்த ஊரில் குடியிருக்கிறாரோ அந்த ஊர் நீதிமன்றத்தை நாடுவதே பாதுகாப்பான வழி. நிலத்தைப் பொறுத்தவரை விதி இன்னும் கடுமையானது: அசையாச் சொத்தின் உரிமையை அது அமைந்துள்ள இடத்து நீதிமன்றமே முடிவுசெய்ய இயலும் என்பதால், எல்லையின் இருபுறமும் காடுதோட்டம் வைத்திருந்த குடும்பம் பாகப்பிரிவினைக்கு இரண்டு நீதிமன்றங்களின் படியேற வேண்டியிருந்தது.

இந்த எல்லை சமஸ்தானங்கள் இணைந்தபின் மறைந்தது. அரசமைப்பின் 261ஆம் உறுப்பு, உரிமையியல் நீதிமன்றங்களின் இறுதித் தீர்ப்புகள் நாடெங்கும் நிறைவேற்றத்தக்கவை என்று அறிவித்தது. 1951 ஏப்ரல் 1 முதல் நடைமுறைச் சட்டம் மைசூருக்கும் திருவிதாங்கூர்–கொச்சிக்கும் நீட்டிக்கப்பட்டது. எனவே 1956இல் கொள்ளேகாலம் கோவை மாவட்டத்திலிருந்து மைசூர் மாநிலத்துக்கு மாற்றப்பட்டபோது, பழைய வகை நீதி எல்லை எதுவும் எழவில்லை. ஆயினும் பழைய தீர்ப்பாணைகளுக்கு இணைப்பு தானாக உயிர்கொடுத்துவிடவில்லை. 1948இல் குவாலியரில் ஒருதலையாக வழங்கப்பட்ட ஆணையை அலகாபாத்தில் நிறைவேற்ற இயலாது என்று உச்ச நீதிமன்றம் 1962இல் தீர்ப்பளித்தது.

ஐரோப்பிய நாடுகள் இதே சிக்கலை இணைப்பின்றி, உடன்படிக்கையால் தீர்க்க முயன்றன. ஆறு நாடுகள் 1968இல் செய்துகொண்ட பிரஸ்ஸல்ஸ் உடன்படிக்கை, பிரதிவாதி குடியிருக்கும் நாட்டில் வழக்குத் தொடுப்பதைப் பொதுவிதியாகவும், நிலவழக்கை நிலம் உள்ள நாட்டுக்கே உரியதாகவும் வகுத்தது. அதன் வழிவந்த 2012ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றிய ஒழுங்குமுறை 2015 ஜனவரி 10 முதல் நடைமுறைக்கு வந்து, ஓர் உறுப்பு நாட்டின் தீர்ப்பை மற்றொன்றில் நிறைவேற்றத் தனி அனுமதி பெறும் தேவையை நீக்கியது.

இன்று கொங்கின் நீதி எல்லை பின்னலாடை ஏற்றுமதியைத் தொடர்ந்து கடல்கடந்து விரிந்துள்ளது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 1937இல் சேர்க்கப்பட்ட 44அ பிரிவின்படி, மத்திய அரசு அறிவித்த நாடுகளின் உயர்நிலை நீதிமன்றத் தீர்ப்பாணைகளை மட்டுமே இங்கு நேரடியாக நிறைவேற்றலாம். பிரிட்டன் அப்பட்டியலில் உண்டு, ஜெர்மனி இல்லை. ஜெர்மன் தீர்ப்பைப் பெற்றவர் திருப்பூர் நிறுவனத்திடம் பணம் பெற, அத்தீர்ப்பின் அடிப்படையில் மூன்றாண்டுக்குள் இங்கே புதிய வழக்குத் தொடுத்து, அதிகார வரம்பு, இயற்கை நீதி முதலிய 13ஆம் பிரிவின் சோதனைகளைக் கடக்க வேண்டும். 1894இல் எழுந்த அதே வினா, பிரதிவாதி அந்த நீதிமன்றத்துக்கு இணங்கினாரா என்பது, அங்கு முதலில் எழும். நீதிமன்றங்களின் ஒத்துழைப்பு வணிகத்தின் நெருக்கத்தால் தானாக விளைவதில்லை என்பதையும், அதை அரசுகள் வெளிப்படையாக ஏற்றாக வேண்டும் என்பதையும் கொங்கின் இருநூற்றாண்டு அனுபவம் காட்டுகிறது.