யாழும் பதிகமும்

பென்னலூரை அடுத்த திருப்பெரும்புதூர்ச் சூழலில் இன்று தொழிற்சாலைகள் மலிந்துள்ளன. அதற்குக் கிழக்கே அமைந்த குன்றத்தூர், 12ஆம் நூற்றாண்டிற் சேக்கிழாரை ஈன்ற பதியாம். நரம்புக்கருவி வல்லாரொருவரை 63 நாயன்மாருள் ஒருவராக வைத்து விரித்துரைத்தது அவர்தம் பெரியபுராணம். அவரே திருஎருக்கத்தம்புலியூர்த் திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார்.

பாணர் மரபினராதலின் அவர் மதுரைத் திருக்கோயில் வாயிலிற் புறத்தே நின்று யாழிசைத்தனர். இறைவன் தொண்டர்க்கு உணர்த்த, அவர்கள் அவரை உள்ளே அழைத்துச் சென்றனர். தரையின் ஈரம் தாக்கின் நரம்பின் கட்டு நெகிழுமாதலின், பொற்பலகையும் இடப்பெற்றது.

பின்னர், துணைவியார் மதங்கசூளாமணியாருடன் சீகாழியிற் சம்பந்தப்பிள்ளையாரை அடைந்து, பதிகந்தோறும் யாழிலிட்டு வாசித்தனர். தருமபுரத்திற் சுற்றத்தார், யாழாலேயே பதிகவிசை சிறந்ததெனப் புகழ்ந்தனர். அது பொறாத பாணர் வேண்ட, பிள்ளையார் யாழில் அடங்காத பதிகம் பாடியருளினார். பண்டை யாழில் நரம்பொன்றுக்குச் சுரமொன்றே. மிடற்றின் நெளிவு அதனிற் பெரிது. யாழை உடைக்க ஓங்கிய பாணரைத் தடுத்து, இயன்றவளவு வாசிக்கப் பணித்தார் பிள்ளையார். அப்பண் யாழ்முரி எனப்பெற்றது.

யாழ் காலப்போக்கில் வழக்கொழிந்தது. விபுலாநந்த அடிகளின் யாழ்நூல் 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. ஆயினும் தேவாரப்பண்கள் அழிந்தில. அவற்றை மீட்கப் பாணர் வழிவந்த பெண்ணொருத்தியே துணைநின்றாள் எனத் திருமுறைகண்டபுராணம் கூறும். கருவி மறையினும் செவிவழி வந்த பண் நிற்குமென்பது இதனாற் பெறப்படும். கருவி வல்லார்க்குப் பெருமை, பாட்டினை விஞ்சுதலன்று. தம் எல்லை உணர்ந்து உடன் ஒலித்தலே.