கூட்டுக் கணக்கில் இரண்டு பெயர்: ‘காதலிக்க நேரமில்லை’ பாடல்கள்

நம் குடியிருப்பில் பொங்கல் விழாவோ சுதந்திர தின விழாவோ, கரோக்கி மைக் கைக்கு வந்தால் ‘காதலிக்க நேரமில்லை’ படத்திலிருந்து ஒரு பாட்டாவது வந்துவிடும். பாடுபவர் முதலில், “அடுத்து ஒரு எம்.எஸ்.வி. பாட்டு” என்று அறிவிப்பார். நாமும் கை தட்டுவோம். அந்த அறிவிப்பில் பாதிதான் சரி. மீதிப் பாதியை உங்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

படம் வெளியானது 1964 பிப்ரவரி 27 அன்று. தயாரித்து இயக்கியவர் ஸ்ரீதர். சித்ராலயா கோபு அவருடன் சேர்ந்து எழுதினார். ஒளிப்பதிவு வின்சென்ட், ஈஸ்ட்மென் கலர். ரவிச்சந்திரனுக்கும் காஞ்சனாவுக்கும் அதுதான் முதல் படம். பாடல்கள் அனைத்தும் கண்ணதாசன். இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி. கடைசியாகச் சொன்ன அந்தப் பெயரை ஒரே ஆளின் பெயர்போலச் சொல்லிப் பழகிவிட்டோம். பிறகு அதில் பாதியை விட்டுவிட்டோம்.

அந்த நாளில் ‘ஆல்பம்’ என்று யாரும் சொன்னதில்லை. 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடமும் கொஞ்சமும்தான் பிடிக்கும். கிராமபோன் வைத்திருந்த வீடுகளும் குறைவு. பெரும்பாலோர் இந்தப் பாட்டுகளைக் கேட்டது இலங்கை வானொலியிலும், விவித்பாரதியிலும், கல்யாண வீட்டு மைக் செட்டிலும்தான். படத்தில் எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் நகைச்சுவை, நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க் கதை சொல்லும் காட்சி. அது பாட்டே இல்லை. அப்படியிருந்தும் படம் பார்க்காதவர்கூட இந்தப் பாட்டுகளைக் கேட்டால் முகம் மலர்வார். சிரிப்பை இசைக்குள்ளேயே வைத்திருந்தார்கள் என்பதுதான் காரணம்.

இரண்டு உதாரணம் சொல்கிறேன். படத்தின் பெயரிலேயே தொடங்கும் பாட்டை முத்துராமன் கிழவர் வேஷத்தில் பாடுவார். நண்பன் ரவிச்சந்திரனுக்காகப் பணக்கார அப்பாவாக நடிக்கும் இளைஞன் அவர். இதற்கு இசையமைப்பாளர்கள் தேர்ந்தெடுத்த குரல் யாருடையது தெரியுமா? சீர்காழி கோவிந்தராஜன்! பக்திப் பாடல்களில் நாம் கேட்டுப் பழகிய கணீர்க் குரல், ஒரு போலிக் கிழவருக்கு. வேடிக்கை பண்ணும் குரலில் பாடியிருந்தால் இவ்வளவு எடுபட்டிருக்காது. பாட்டு முழு மரியாதையோடு ஒலிக்கிறது, நமக்கு விஷயம் தெரியும், அதனால் சிரிக்கிறோம்.

அடுத்தது, விஸ்வநாதனிடம் வேலை கேட்கும் பாட்டு. எஸ்டேட் முதலாளி விஸ்வநாதனாக வருபவர் பாலையா. வேலையிலிருந்து நீக்கப்பட்ட ரவிச்சந்திரன் அவர் பங்களாவுக்கு எதிரிலேயே கூடாரம் போட்டுவிடுவார். பி.பி. ஸ்ரீனிவாஸ் முன்னால் பாட, குழுவினர் கோஷம் போலத் திருப்பிச் சொல்வார்கள். தாளமோ அன்று உலகமே ஆடிக்கொண்டிருந்த ட்விஸ்ட். முதலாளியின் பெயரும் இசையமைப்பாளரில் ஒருவரின் பெயரும் ஒன்றாக அமைந்ததில் தனிக் கலகலப்பு.

இந்தப் பாட்டு நம் பகுதிக்காரர்களுக்குக் கொஞ்சம் சொந்தம் என்று எனக்குத் தோன்றும். படம் வந்த அதே 1964-இல்தான் அம்பத்தூர் தொழிற்பேட்டை தொடங்கப்பட்டது. 1965 இறுதியில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. வேலை தேடி ஊர் ஊராக மக்கள் இந்தப் பக்கம் வந்த காலம் அது. நம் குடியிருப்பிலும் அப்படி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். 1980-களில் நான் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தபோது, ஷிப்டு முடிந்து வரும் வாடிக்கையாளர்கள் கேட் மீட்டிங் பற்றிப் பேசாத நாள் குறைவு. தலைவர் ஒரு வரி சொல்வார், கூட்டம் திருப்பிச் சொல்லும். அந்தப் பாட்டின் அமைப்பும் அதேதான். கோஷத்தை எடுத்து, கோபத்தைக் குறைத்து, ஆட்டம் போட வைத்துவிட்டார்கள்.

மற்ற பாட்டுகளிலும் கை நீளம். ‘அனுபவம் புதுமை’யில் ‘பெசமே மூச்சோ’ என்ற மெக்சிகோ பாட்டின் சாயல் உண்டு. கான்சுவேலோ வெலாஸ்கஸ் என்ற பெண் எழுதியது அது. சாயலோடு நிற்காமல், ஸ்ரீனிவாஸும் சுசீலாவும் பாடும்போது அது முழுக்க நம்முடையதாகிவிடுகிறது. தமிழுக்கு அப்போதுதான் வந்திருந்த யேசுதாஸும் எல்.ஆர். ஈஸ்வரியோடு இந்தப் படத்தில் பாடினார்.

சரி, ராமமூர்த்தி யார்? திருச்சிக்காரர், 1922-இல் பிறந்தவர், தேர்ந்த வயலின் கலைஞர். விஸ்வநாதன் 1928-இல் பாலக்காட்டுப் பக்கம் பிறந்தவர், ஆர்மோனியக்காரர். இருவரும் சி.ஆர். சுப்பராமனிடம் வேலை பார்த்தவர்கள். 1952-இல் சுப்பராமன் மறைந்தபோது அவர் விட்டுச் சென்ற வேலைகளை முடித்துக் கொடுத்தார்கள். அதே ஆண்டு என்.எஸ். கிருஷ்ணனின் ‘பணம்’ படத்தில் இரட்டையர்களாக அறிமுகமானார்கள். ஆறு வயது மூத்தவர் ராமமூர்த்தி. ஆனாலும் அவர் பெயர் இரண்டாவதாகவே வந்தது.

1965-இல், ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்துக்குப் பிறகு பிரிந்தார்கள். விஸ்வநாதன் தனியாகப் பல நூறு படங்களுக்கு இசையமைத்தார். ராமமூர்த்திக்குக் கிடைத்தவை சொற்பம். ‘சாது மிரண்டால்’, ‘தேன்மழை’, ‘நான்’ போன்றவை அவருடையவை. இதில் ‘தேன்மழை’ நகைச்சுவைப் படம்! சிரிப்புக்கு இசையமைக்கும் வித்தை அவர் கையிலும் இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

வங்கிக்காரன் பாஷையில் சொல்கிறேன். 1965-இல் கூட்டுக் கணக்கு மூடப்பட்டது. ஒருவர் தனிக் கணக்கு தொடங்கி ஏராளமாக வரவு வைத்தார். அதற்காகப் பழைய லெட்ஜரில் இருக்கும் வரவுகளையும் அவர் பெயருக்கே மாற்றி எழுத முடியுமா? எந்த ஆடிட்டரும் விடமாட்டார். ஆனால் ஊர் வாய் எழுதிவிட்டது. எம்.எஸ்.வி.யின் பெருமைக்கு இதனால் ஒரு குறையும் வராது. அவருடைய தனிக் கணக்கே போதும்.

இதே கதையை ஸ்ரீதர் 1966-இல் இந்தியில் ‘பியார் கியே ஜா’ என்று எடுத்தார். இசை லக்ஷ்மிகாந்த்–பியாரேலால், அவர்களும் இரட்டையர். இன்றுவரை வடக்கே யாரும் அந்தப் பாட்டுகளை ‘லக்ஷ்மிகாந்த் பாட்டு’ என்று மட்டும் சொல்வதில்லை. அவர்கள் கடைசிவரை பிரியவில்லை என்பது உண்மை. ஆனால் சேர்ந்து செய்த வேலை, பிரிந்த பிறகும் சேர்ந்து செய்ததுதானே?

நம் இரட்டையர்கள் 1995-இல் ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்தில் மீண்டும் சேர்ந்தார்கள். 2012-இல் தமிழக முதல்வர் ஜெயலலிதா இருவரையும் ஒரே மேடையில் ‘திரையிசைச் சக்கரவர்த்தி’ பட்டம் கொடுத்துக் கௌரவித்தார். பத்ம விருது இருவருக்குமே கிடைக்கவில்லை. ராமமூர்த்தி 2013 ஏப்ரலில் மறைந்தார், விஸ்வநாதன் 2015 ஜூலையில். இனி அவர்களுக்கு நாம் தரக்கூடியது ஒன்றுதான்: பெயரை முழுதாகச் சொல்வது.

ஆகவே கலாசாரக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த விழா நிகழ்ச்சி நிரலில் 1952 முதல் 1965 வரையிலான இவர்கள் பாட்டு எது வந்தாலும், ‘இசை: விஸ்வநாதன்–ராமமூர்த்தி’ என்று அச்சிடுங்கள். மைக்கைப் பிடிக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். கூடுதலாக ஒரு விநாடிதான் ஆகும்.