ஸ்கிளிரோடெர்மாவும் இரத்தக் குழாய்களை விரிக்கும் மருந்துகளும்

ஸ்கிளிரோடெர்மா என்ற கிரேக்கச் சொற்சேர்க்கைக்குக் கடினத் தோல் என்று பொருள். இந்தப் பெயரே மருத்துவர்களின் கவனத்தை நெடுங்காலம் தோலிலேயே நிறுத்திவிட்டது எனலாம். நேப்பிள்ஸ் நகர மருத்துவர் கார்லோ குர்சியோ 1753-இல் ஓர் இளம்பெண்ணின் இறுகிய தோலைப் பற்றி எழுதினார். ஆனால் உடல் முழுவதும் பரவும் வகையில் உயிரைப் பறிப்பது தோல் அன்று, உள்ளுறுப்புகளின் பாதிப்பே. அதில் சிறு இரத்தக் குழாய்கள் சுருங்கி அடைபடுவதற்குப் பெரும்பங்கு உண்டு.

இதன் கொடிய வடிவம் சிறுநீரக நெருக்கடி. குழாய்கள் சுருங்கியதும், இரத்தம் போதவில்லை என்று சிறுநீரகம் ரெனினைச் சுரக்கிறது. அதன் விளைவாக உருவாகும் ஆஞ்சியோடென்சின் குழாய்களை மேலும் இறுக்குகிறது. எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்த கதைதான். இரத்த அழுத்தம் திடீரென ஏறி, சில வாரங்களுக்குள் சிறுநீரகம் செயலிழக்கும். 1970-களின் இறுதிவரை இதில் பிழைத்தவர்கள் மிகச் சிலரே.

தீர்வு ஒரு பாம்பிடமிருந்து வந்தது. பிரேசிலின் ஜரராக்கா விரியனின் நஞ்சை ஆராய்ந்த செர்ஜியோ ஃபெரைரா, அதிலிருந்த ஒரு பொருளை 1965-இல் வெளியுலகுக்கு அறிவித்தார். அது ஆஞ்சியோடென்சின் உருவாவதைத் தடுப்பது பின்னர் தெரிந்தது. அந்த வழியைப் பின்பற்றி, அமெரிக்காவின் ஸ்குவிப் நிறுவனத்தில் ஒண்டெட்டி, குஷ்மன் ஆகியோர் 1975-இல் கேப்டோப்ரில் என்ற மாத்திரையை உருவாக்கினர். 1979-இல் அது ஸ்கிளிரோடெர்மா நோயாளிகளின் சிறுநீரக நெருக்கடியைத் தணித்த செய்தி வெளியானது.

1990-இல் பிட்ஸ்பர்க் மருத்துவர்கள் வெளியிட்ட கணக்கில், இவ்வகை மருந்து பெறாதவர்களில் ஓராண்டு கடந்து வாழ்ந்தோர் 15 விழுக்காடு; பெற்றவர்களில் 76 விழுக்காடு. சீட்டுக் குலுக்கி நோயாளிகளைப் பிரித்துச் செய்த சோதனை அன்று இது. ஆயினும் வேறுபாடு இவ்வளவு பெரிதாக இருக்கும்போது, மருந்து தராமல் ஒரு பிரிவை வைத்துச் சோதிக்க யாருக்கு மனம் வரும்? முன்கூட்டியே கொடுத்தால் நெருக்கடி வராமல் தடுக்கலாம் என்ற எதிர்பார்ப்பு மட்டும் நிறைவேறவில்லை. ஆகவே நோயின் தொடக்க ஆண்டுகளில் வீட்டிலேயே இரத்த அழுத்தத்தை அளந்துவருமாறு நோயாளிகளுக்குச் சொல்லப்படுகிறது.

விரல்களின் கதை வேறு. குளிரில் விரல்கள் வெளுத்து நீலம் பாரிப்பதைப் பாரிசில் மோரிஸ் ரெய்னோ 1862-இல் விவரித்தார். ஸ்கிளிரோடெர்மா உள்ளவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் இது உண்டு. 1980-கள் முதல் நிஃபெடிபின் இதற்குப் பயன்படுகிறது. நுரையீரல் தமனி அழுத்தத்துக்கு, நரம்பு வழியே இடைவிடாது செலுத்தும் இப்போப்ரோஸ்டெனாலும், 2001-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற போசென்டான் மாத்திரையும் வந்தன. விரல் நுனிப் புண்கள் புதிதாக வருவதைப் போசென்டான் குறைக்கிறது. ஏற்கெனவே உள்ள புண்ணை விரைந்து ஆற்றுவதில்லை. இறுகிய தோலை இளக்குவதும் இம்மருந்துகளின் வேலையன்று.