சத்துவாச்சாரியில் வாடகைக் குடித்தனம்

போன மாதம் வீட்டுக்காரரின் மகன் பெங்களூரிலிருந்து போன் செய்தார். "அங்கிள், அப்பா கட்டின வீட்டை வித்துடலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். அவசரமில்ல, மூணு மாசம் எடுத்துக்குங்க" என்றார். மரியாதையான பிள்ளை. கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. போனை வைத்த பிறகு கணக்குப் போட்டேன். 1980 டிசம்பரில் சத்துவாச்சாரிக்குக் குடிவந்தவன் நான். நான்கு வீடு பார்த்தாயிற்று. இனி ஐந்தாவது, 74 வயதில்.

வீடு தேடும் வேலையை இரண்டு நாள் தள்ளிப்போட ஒரு சாக்கு வேண்டுமே. அதனால்தான் இந்தக் கட்டுரை.

நான் புதுச்சேரிக்காரன், பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பது இங்கே வழக்கமாக வாசிப்பவர்களுக்குத் தெரியும். தபால் துறையில் எழுத்தர் வேலை. தபால் கணக்கில் புதுச்சேரி தமிழ்நாடு வட்டத்தைச் சேர்ந்தது. அப்படித்தான் வேலூருக்கு மாற்றல் வந்தது. வந்த முதல் வாரம் காந்தி ரோடு பக்கம் ஒரு லாட்ஜில் தங்கினேன். பக்கத்து அறையில் ஒரு வங்காளக் குடும்பம். வராந்தாவில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு மாதமாக அங்கேதான் இருக்கிறார்களாம், அப்பாவுக்கு வைத்தியம்.

வேலூர் டவுனில் வாடகை என்பதே ஆஸ்பத்திரியை ஒட்டி வளர்ந்த சங்கதி. 1900-இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்த மருத்துவமனை, 1902-இல் 40 படுக்கைகள் கொண்டதாயிற்று. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. பின்னாளில் வங்காளம், அசாம், பீகார் என்று ரயிலேறி வருகிற ஊராகிவிட்டது. அறைக்கு நாள் வாடகை, பாத்திரத்துக்குத் தனி வாடகை, பெயர்ப்பலகை வங்காளியில். நோயாளி எழுந்து நடக்கும் வரையில்தான் அந்தக் குடித்தனம். மாதச் சம்பளக்காரனுக்கு அங்கே இடமில்லை. ஆபீசில் மூத்தவர் ஒருவர் சொன்னார்: "டவுன்ல தேடாதீங்க தம்பி. சத்துவாச்சாரி பக்கம் போங்க. காத்தோட்டமா இருக்கும், பஸ்ல பத்து நிமிஷம்."

போனேன். அப்போது அது வேலூர் நகராட்சிக்கு வெளியே இருந்த பஞ்சாயத்து. தெற்கே மொட்டை மலை, வடக்கே பாலாறு, நடுவே சென்னை-பெங்களூர் ரோடு. ரோட்டில் போகும் லாரிச் சத்தம் தவிர வேறு அரவமில்லை. காலையில் கிணற்று ராட்டினச் சத்தம் கேட்கும். ஓடு வேய்ந்த வீட்டின் பின்கட்டு, மாதம் 120 ரூபாய். வீட்டுக்கார அம்மா கேட்ட கேள்விகள் வரிசையாக நினைவிருக்கின்றன. எத்தனை பேர்? என்ன ஆளுங்க? கவுச்சி சமைப்பீங்களா? கடைசியாக, "புதுச்சேரின்னா குடிப்பீங்களா?" இல்லை என்றேன். நம்பினாரா தெரியாது. ஆனால் பத்து மாத அட்வான்ஸ் 1,200 ரூபாயை எண்ணி இடுப்பில் செருகிக்கொண்டார்.

நான் குடிவந்த மூன்றாம் மாதம், அந்த ஊரில் என்னைவிடப் பல நூற்றாண்டு மூத்த குடித்தனக்காரர் ஒருவர் காலி செய்துகொண்டு போனார். ஜலகண்டேசுவரரைத்தான் சொல்கிறேன். வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அவருடைய கோயில் விஜயநகர காலத்துக் கட்டடம். கல்யாண மண்டபச் சிற்பங்களைப் பார்க்க ஆயிரம் மைல் தாண்டி வருவார்கள். கருவறை மட்டும் காலி. படையெடுப்புக் காலத்தில் லிங்கத்தை எடுத்துவந்து சத்துவாச்சாரியில் வைத்துப் பூசை செய்தார்கள், அப்படியே இங்கே தங்கிவிட்டார். கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்ததால் திரும்பப் போவதிலும் சிக்கல். 1981 மார்ச் 16 அன்று லாரியில் ஏற்றிக் கோட்டைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். சாமியில்லாத கோயில் என்று வேலூரைக் கேலி செய்யும் பழமொழி அன்றோடு பொய்யாயிற்று. எங்கள் வீட்டுக்கார அம்மா அன்று அழுதார். "நம்ம ஊர்ல இருந்தவரு" என்றார். எனக்கு அப்போது அது விளங்கவில்லை. சொந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிறவருக்காக ஏன் அழ வேண்டும்?

வேலூரில் விருப்பமில்லாமல் குடியிருந்தவர்களும் உண்டு. 1799-க்குப் பிறகு திப்புவின் குடும்பத்தைக் கோட்டையில் வைத்தார்கள். 1806 சிப்பாய்ப் புரட்சி முடிந்ததும் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். கண்டியின் கடைசி மன்னன் விக்கிரம ராஜசிங்கன் 1816-இல் வந்து, 1832-இல் இங்கேயே இறந்தான். சமாதி பாலாற்றங்கரையில் இருக்கிறது. அவர்களிடம் யாரும் அட்வான்ஸ் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சட்டத்துக்கு வருகிறேன். எழுத்தர் புத்தி, அதை விட முடியவில்லை. வாடகைக் கட்டுப்பாடு நம் மாகாணத்தில் யுத்த காலத்தில், 1941-இல், ஓர் அரசு உத்தரவாக வந்தது. பிறகு 1946-இலும் 1949-இலும் சட்டம். எங்கள் காலத்தில் எல்லோரும் பேசியது 1960-ஆம் ஆண்டுச் சட்டம். அதைப் படித்தால் குடித்தனக்காரன் ராஜா. அட்வான்ஸ் ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. நியாய வாடகை என்பது கட்டடம், மனை மதிப்பில் ஆண்டுக்கு 9 சதவீதம், கடையென்றால் 12. வீடு காலியானால் உடனே அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும், அரசு ஊழியருக்கு வேண்டுமென்றால் அரசு எடுத்துக்கொள்ளலாம். சொந்தக் குடியிருப்புக்கு வேண்டும், வாடகை பாக்கி, இடித்துக் கட்டுகிறேன் போன்ற காரணங்களைக் காட்டி நிரூபிக்காமல் காலி செய்யச் சொல்ல முடியாது. மாத வாடகை 400 ரூபாய்க்கு மேல் போன குடியிருப்புகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்றிருந்ததையும் 1986-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

ஆனால் இந்தச் சட்டம் சென்னை, மதுரை, நகராட்சிகள் ஆகியவற்றுக்குத்தான் தானாகச் செல்லும். பஞ்சாயத்துப் பகுதியென்றால் அரசு தனியாக அறிவிக்க வேண்டும். டவுனில் மட்டும் என்ன வாழ்ந்தது? அங்கேயும் பத்து மாத அட்வான்ஸ்தான். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்பதால் பதினோரு மாத ஒப்பந்தம், ஸ்டாம்ப் பேப்பரில். எனக்குத் தெரிந்த வீட்டுக்காரர்கள் அந்தச் சட்டத்துக்குப் பயந்தார்கள். பயந்ததன் பலன், வழக்குப் போடத் தெரிந்தவனுக்கு, குறிப்பாக வக்கீல் குமாஸ்தாவுக்கு, வீடு கொடுக்கமாட்டார்கள்.

மூன்றாவது வீட்டை 1994-இல் போகியத்துக்கு எடுத்தேன். இளையவர்கள் இப்போது லீஸ் என்கிறார்கள். 40,000 ரூபாயை மொத்தமாகக் கொடுத்துவிட்டால் வாடகை கிடையாது. காலி செய்யும்போது வட்டியில்லாமல் முதல் திரும்ப வரும். பிரெஞ்சுச் சட்டத்தில் இதற்கு நெருங்கிய சொந்தம் ஒன்று உண்டு, ஆந்திக்ரேஸ் என்பார்கள். புதுச்சேரியில் என் தாத்தா அந்த வார்த்தையைச் சொல்லும்போதே பல்லைக் கடிப்பார். காரணம் எனக்குப் பின்னால்தான் புரிந்தது. வீட்டுக்காரர் நம் பணத்தை வைத்துக்கொண்டிருப்பதில்லை. மகள் கல்யாணமோ, மாடி கட்டுவதோ, அதில் போய்விடும். நமக்குத் திருப்பித் தர அடுத்த குடித்தனம் பணத்தோடு வர வேண்டும். அடுத்தவருக்கும் அவருடைய பழைய வீட்டில் பணம் மாட்டிக்கொண்டிருக்கும். ஒருவர் நகர்ந்தால்தான் எல்லோரும் நகரலாம். நான் ஏழு மாதம் காத்திருந்தேன். அந்த ஏழு மாதமும் சாமான்கள் பாதி கட்டிய நிலையிலேயே இருந்தன. என் மனைவி ஒருமுறை உப்பு டப்பாவைத் தேடி மூன்று மூட்டையை அவிழ்த்தாள்.

சத்துவாச்சாரியை வாடகை ஊராக்கியது அரசாங்கம்தான். 1911-இல் சித்தூர் தனி மாவட்டமானபோது வட ஆர்க்காட்டின் தலைநகரம் வேலூருக்கு வந்தது. கலெக்டர் அலுவலக வளாகம் சத்துவாச்சாரியில் அமைந்ததும், பின்னால் நீதிமன்றங்களும் வந்ததும், மாற்றலில் வருகிறவர்கள் எல்லோரும் இங்கே வீடு பார்த்தார்கள். ஹவுசிங் போர்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று ஃபேஸ் ஃபேஸாகக் குடியிருப்புகள் எழும்பின. ஒதுக்கீடு பெற்றவர் மாற்றலில் போய்விட, அதில் இன்னொரு மாற்றல்காரர் வாடகைக்கு வருவார். இதை நான் ஜன்னலில் பார்க்கவில்லை, தபால் மேஜையில் பார்த்தேன். குடித்தனக்காரருக்கு வரும் கடிதத்தில் பெயருக்குக் கீழே "மே/பா" என்று வீட்டுக்காரர் பெயர் இருக்கும். மேல்பார்வை. 632009 கட்டில் பாதிக்குப் பாதி மே/பா கடிதங்கள். 1989-இல் மாவட்டம் இரண்டாகி, திருவண்ணாமலை தனியாகப் போனது. அதன் பிறகு கொஞ்ச காலம் கை ஓயாமல் "முகவரி மாற்றம், திருவண்ணாமலை" என்று சிவப்பு மையில் எழுதினேன். 2019-இல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பிரிந்தபோது ஓய்வுபெற்றுவிட்டேன். எழுதுவதற்குக் கடிதங்களும் இல்லை.

பஞ்சாயத்தாக இருந்தது நகராட்சியாகி, 2011-இல் வேலூர் மாநகராட்சியோடு சேர்ந்தது. வரி ஏறியது, வாடகை ஏறியது. கிணறுகளில் குப்பை கொட்டி மூடினார்கள்.

தண்ணீரைச் சொல்லாமல் இந்த ஊரின் வாடகையைச் சொல்ல முடியாது. மேலே வாணியம்பாடி, ஆம்பூர் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றில் கலந்த கதை உலகறிந்தது. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக வைக்கிறார்கள். மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டில் வேரூன்றியது அதில்தான். எங்களுக்கு அது குடத்தில் தெரிந்த விஷயம். ஆற்றில் மணல் போனது, தண்ணீர் இறங்கியது. வீடு பார்க்கப் போனால் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி வாடகை இல்லை, "போர்ல என்ன தண்ணி?" என்பதுதான். உப்புத் தண்ணீர் வீட்டுக்கு வாடகை நூறு இருநூறு குறையும். நல்ல தண்ணீர் வரும் வீட்டுக்காரர் நிமிர்ந்து பேசுவார். காவிரித் தண்ணீர் குழாயில் வர ஆரம்பித்த பிறகு கொஞ்சம் மூச்சு வந்தது. என் மனைவி அதைப் பார்க்க இல்லை.

இப்போது நடப்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. நியாய வாடகை என்ற பேச்சே அதில் இல்லை. இருவரும் ஒத்துக்கொண்டதுதான் வாடகை. ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாதம். ஆனால் "வேறு உடன்பாடு இல்லாவிட்டால்" என்று ஒரு சொல்லைச் செருகி வைத்திருக்கிறார்கள். அந்த இடுக்கு போதும், பத்து மாதம் நுழைந்துவிடும்.

மூன்று சட்டத்திலும் நான் தேடிப் பார்த்து இல்லாத ஒன்று, யாருக்கு வீடு இல்லை என்று சொல்லலாம், யாருக்குச் சொல்லக்கூடாது என்பது. 1980-இல் "என்ன ஆளுங்க" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் இல்லாத சக ஊழியர் ஒருவர் மூன்று மாதம் அலைந்து, தினமும் ரயிலில் வந்து போனார். நானும் அப்போது அதைப் பெரிதாக எண்ணவில்லை, எனக்குத்தான் வீடு கிடைத்துவிட்டதே. இந்த மாதம் எனக்கு வந்த கேள்வி வேறு. "தனியாவா சார்? கூட யாரும் இல்லியா?" பென்ஷன் இருக்கிறது, மாதம் ஒன்றாம் தேதி வாடகை வந்துவிடும் என்றேன். "பணத்துக்கில்ல சார். வயசானவங்க தனியா இருந்தா, ஏதாவது ஒண்ணுன்னா எங்களுக்குத்தான் கஷ்டம்." ஆறு வீட்டில் இதே பதில், சொற்கள்தான் வேறு. ஒரு வீட்டில் காபி கொடுத்துச் சொன்னார்கள்.

பாரிஸ் பக்கம் இருக்கும் என் ஒன்றுவிட்ட தம்பியிடம் புலம்பினேன். அங்கே நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, குளிர்காலத்தில், பொதுவாக யாரையும் வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது. 1956 முதல் இருக்கும் ஏற்பாடு. அது எனக்குத் தெரியும். அவன் சொன்ன இன்னொன்று தெரியாது. 65 வயது தாண்டிய, வருமானம் குறைந்த குடித்தனக்காரரை அருகிலேயே வேறு வீடு காட்டாமல் காலி செய்யச் சொல்ல முடியாதாம். வீட்டுக்காரரும் கிழவராகவோ ஏழையாகவோ இருந்தால் மட்டும் விலக்கு. அதைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். அப்புறம் யோசித்தேன், அங்கேயும் இதனாலேயே 60 வயதுக்காரருக்கு வீடு கொடுக்கத் தயங்குவார்களோ? கேட்டேன். "தயங்குவாங்க அண்ணே" என்றான்.

ஏன் சொந்த வீடு வாங்கவில்லை என்று கேட்பீர்கள். புதுச்சேரி வீட்டில் என் பங்கு மகள் கல்யாணத்துக்குப் போயிற்று. பிறகு மருந்துக்கு. ஹவுசிங் போர்டு மனு ஒருமுறை போட்டேன், குலுக்கலில் வரவில்லை. மகள் மஸ்கட்டில், "வந்துடுங்கப்பா" என்கிறாள். அங்கே போய் ஏழாவது மாடியில் உட்கார்ந்து நான் என்ன செய்ய? இங்கே மளிகைக்கடைக்காரர், மருந்துக்கடைப் பையன், சாயங்காலம் நடக்கும் நான்கு கிழவர்கள் இருக்கிறார்கள். ஜலகண்டேசுவரர் போனபோது அந்த அம்மா ஏன் அழுதார் என்பது இப்போது விளங்குகிறது.

நேற்று ஃபேஸ் இரண்டில் ஒரு வீடு பார்த்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியை, மாடியில் தனியாக இருக்கிறார், கீழ்வீடு காலி. "நானும் தனியாத்தான் இருக்கேன் சார். ராத்திரி பத்து மணிக்கு உங்க லைட் அணைஞ்சா எனக்குத் தெரியும், காலையில என் கதவு திறந்தா உங்களுக்குத் தெரியும்" என்றார். மூன்று மாத அட்வான்ஸ் போதும் என்றார். மகளின் நம்பரை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டார். நாளைக் காலை ஆறு மணிக்குப் போய், குழாயில் தண்ணீர் எவ்வளவு நேரம் வருகிறது என்று பார்க்க வேண்டும்.