ஊதாப் புறாவின் இடம்

2009 அக்டோபர் 29 அன்று உபுண்டு 9.10 வெளியானது. அதைப் புதிதாக நிறுவியவர்களுக்குப் பழகிய அரட்டைச் செயலியான பிட்ஜின், அந்த ஊதாப் புறா, கிடைக்கவில்லை. அதன் இடத்தில் எம்பதி. அடுத்த மாதம் ஃபெடோரா 12-ம் அதையே செய்தது.

புறாவுக்கு இது முதல் அடி இல்லை. கெய்ம் என்று பிறந்த அது, ஏஓஎல் நிறுவனத்துடனான வணிகப்பெயர்த் தகராறால் 2007-ல் பெயரையே மாற்றிக்கொண்டது.

எம்பதிக்குச் சொன்ன காரணங்கள்: குரல், வீடியோ, க்னோம் மேசைத்தளத்தோடு நெருக்கம். ஆனா வேடிக்கையைப் பாருங்க, 2009 ஆகஸ்டிலேயே பிட்ஜின் 2.6-ல் குரலும் வீடியோவும் வந்துடுச்சு.

“பிடிக்கலைன்னா பழசையே போட்டுக்கோ, ஒரே ஒரு கட்டளைதானே” என்பார்கள். இணையம் இருந்தால்தான் அது ஒரு கட்டளை. காட்டாங்குளத்தூரில் என் அறையில் இணைப்பு கிடையாது. மின்சார ரயிலில் தாம்பரம் போய், பிரவுசிங் சென்டரில் பிட்ஜினையும் அது கேட்கும் துணைப் பொதிகளையும் பென்டிரைவில் இறக்கி வரணும். ஒன்று விட்டுப்போனால் மறுபடி ரயில். சுமார் 700 எம்பி சிடியில் எது இருக்கிறதோ அதுதான் எங்களுக்கு லினக்ஸ்.

ஆனாலும் புறாவைத் திரும்பக் கொண்டுவர முடிந்தது. எம்பதியின் வளர்ச்சி பிறகு நின்றுபோனது. பிட்ஜின் இன்றும் இருக்கிறது. இரண்டிலும் நாங்கள் பேசிய கூகிள் டாக் 2022-ல் முற்றாக மூடப்பட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர எந்தக் கட்டளையும் இல்லை, எந்த ரயிலும் இல்லை.