சிலாங்கூர் ஆறும் காவிரியும்

மலாயாவில் முதன்முதலாக மின்சாரம் வந்த ஊர், சிலாங்கூர் ஆற்றுப் படுகையில் உள்ள ரவாங். 1894-இல் தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் தங்கள் ஈயச் சுரங்கத்தில் நீர் இறைக்க மின்னாக்கி வைத்தார்கள். எட்டு ஆண்டு கழித்து, காவிரியின் சிவசமுத்திர அருவியில் பிறந்த மின்சாரம் ஏறக்குறைய 147 கிலோமீட்டர் தாண்டிக் கோலார் தங்கவயலை எட்டியது. அங்கே குழிக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர்களே. பெங்களூரு நகரத்துக்கு அந்த வெளிச்சம் 1905-இல்தான் கிடைத்தது.

படகுப் போக்குவரத்தில் இரண்டு ஆறுகளுக்கும் இப்போது பெரிய பங்கு இல்லை. காவிரியின் ஒகேனக்கல்லில் பரிசல், சிலாங்கூர் ஆற்றின் கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் போகும் படகு. அவ்வளவுதான்.

குடிநீரில்தான் ஒப்பீடு கனக்கிறது. காவிரி 800 கிலோமீட்டர் ஓடுகிறது. சிலாங்கூர் ஆறு ஏறத்தாழ 110 மட்டுமே. கோல குபு பாருவுக்கு மேலே உள்ள அணை 23 கோடி கன மீட்டர் நீரைத் தேக்கும். காவிரியின் மேட்டூர் அணைக் கொள்ளளவில் அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பாதிக்கும் மேல் இந்தச் சிறிய ஆற்றிலிருந்தே போகிறது. பெங்களூருவும் அப்படித்தான், நூறு கிலோமீட்டர் தூரத்துக் காவிரியை நம்பி நிற்கிறது.

காவிரியில் சண்டை அளவைப் பற்றியது. 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) என்று வரையறுத்தது, பெங்களூருவின் குடிநீருக்காகக் கர்நாடகத்துக்கு 4.75 டி.எம்.சி. கூட்டிக் கொடுத்தது. சிலாங்கூர் ஆறு ஒரே மாநிலத்துக்குள் பிறந்து கோல சிலாங்கூரில் கடலில் கலக்கிறது. பங்குச் சண்டை இல்லை. அதைப் பிடித்திருக்கும் நோய் அழுக்கு.

2020 செப்டம்பரில் ரவாங்கின் சுங்கை கோங் ஓடையில் கழிவு கலந்தது. ரசாயன வாடை ஆற்றில் ஏறியதும் நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்கள். சுமார் 12 லட்சம் இணைப்புகளில் தண்ணீர் நின்றது. தாமான்களில் தண்ணீர் லாரிக்கு வாளியும் தோம்புமாக மக்கள் வரிசை பிடித்தார்கள். ஆற்றில் தண்ணீர் இருந்தது, குடிக்கத்தான் வழியில்லை. பற்றாக்குறையைவிட இது கொடுமை. மழை பெய்தால் அணை நிரம்பிவிடும், கழிவு ஊற்றுகிற கையை மழை தடுக்காது.

காவிரிக்காகத் தஞ்சை விவசாயி தெருவில் இறங்குகிறார். சிலாங்கூர் ஆற்றுக்கு அப்படிக் குரல் கொடுக்க ஆள் போதவில்லை. ரவாங்கில் இருப்பவர்களே, தொழிற்பேட்டை ஓடையில் வாடை அடித்தால் அன்றைக்கே சுற்றுச்சூழல் துறைக்குப் புகார் கொடுங்கள்.