இரண்டு அடி விதி பிறந்த கதை

ரெட்டினோபிளாஸ்டோமா குழந்தைகளின் விழித்திரையில் வரும் அரிய புற்றுநோய். ஏறக்குறைய 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று, பெரும்பாலும் ஐந்து வயதுக்குள். இவ்வளவு அரிதான நோயிலிருந்துதான், புற்றுநோய் எப்படி உண்டாகிறது என்பதை விளக்கிய ஒரு பெரிய விதி பிறந்தது.

1809இல் ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஜேம்ஸ் வார்ட்ராப், கட்டி விழித்திரையில் தொடங்குவதைக் கண்டு, கண்ணை அகற்றினால் உயிரைக் காக்கலாம் என்றார். 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் கருவியைத் தந்தார். கட்டி சிறிதாக இருக்கும்போதே தெரிந்தது; பிழைத்த பிள்ளைகள் பெருகினார்கள்.

புதிரும் அப்போதுதான் பிறந்தது. ரியோ டி ஜெனிரோவில் இலாரியோ டி கோவேயா என்ற கண் மருத்துவர் 1872இல் ஒரு சிறுவனின் கண்ணை அகற்றிக் காப்பாற்றினார். அவன் வளர்ந்து தகப்பனானபோது அவனுடைய மகள்கள் இருவருக்கு அதே நோய் வந்தது. ஆக, இது குடும்பத்தில் இறங்குகிறது. ஆனால் பெரும்பாலான பிள்ளைகளின் குடும்பத்தில் முன்பு யாருக்குமே இல்லை. சிலருக்கு ஒரு கண்ணில், சிலருக்கு இரு கண்ணிலும். ஒரே நோய்க்கு ஏன் இரண்டு போக்கு?

விடை சொன்னவர் ஆல்ஃபிரட் நட்சன், ஹூஸ்டன் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையின் குழந்தை மருத்துவர், மரபியல் அறிஞர். புதிய சோதனை எதுவும் அவர் செய்யவில்லை. அங்கே வந்த 48 குழந்தைகளின் பதிவேடுகளை எடுத்து, எந்த வயதில் நோய் தெரிந்தது என்று வரைபடம் போட்டார். இரு கண்ணிலும் நோய் கண்டவர்களுக்கு அது சீக்கிரமே வந்திருந்தது. அவர்களின் கோடு, மரபணுவில் ஒரே ஒரு விபத்து போதும் என்று காட்டியது. ஒரு கண்ணில் மட்டும் கண்டவர்களின் கோடு வளைந்து, இரண்டு விபத்துகள் தேவை என்றது. 1971இல் அவர் வெளியிட்ட முடிவு இது: நோய்க்கு எப்போதும் இரண்டு அடி வேண்டும். சில பிள்ளைகள் முதல் அடியோடு பிறக்கிறார்கள். மற்றவர்களுக்கு இரண்டுமே பிறகு, ஒரே உயிரணுவில் விழுகின்றன.

அடிபடும் மரபணு 13ஆம் குரோமோசோமில் இருக்கிறது. 1986இல் அதைப் பிரித்தெடுத்தார்கள், பெயர் ஆர்பி1. உயிரணு அளவுக்கு மீறிப் பெருகாமல் தடுப்பது அதன் வேலை. மோட்டார் சைக்கிளின் முன் பிரேக்கும் பின் பிரேக்கும் போல ஒவ்வோர் உயிரணுவிலும் அதற்கு இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று பழுதானாலும் வண்டி நிற்கும். இரண்டும் போனால் நிற்காது. புற்றுநோயை அடக்கும் மரபணுக்களில் முதலில் கைக்கு வந்தது இதுதான்.

இந்த விதியைக் கெடாவில் நம் வீடுகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் விரும்பக் காரணம் உண்டு. பிள்ளைக்கு இப்படி ஒன்று வந்தால் கண்ணூறு என்பார்கள், கிரகணம் என்பார்கள், முன்வினை என்பார்கள். கடைசியில் பழி தாயின் தலையில் விழும். நட்சனின் கணக்கு அந்தப் பழியைத் துடைத்துவிட்டது. ஏறக்குறைய பத்தில் நான்கு பிள்ளைகளுக்கே முதல் அடி பிறவியிலேயே இருக்கிறது. அவர்களிலும் பலருக்கு அது பெற்றோரிடமிருந்து வந்ததல்ல, புதிதாக நேர்ந்தது. யார் செய்த தவறும் அல்ல.

ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் குழந்தையின் கண்மணி வெள்ளையாகப் பளபளத்தால், அல்லது மாறுகண் தோன்றினால், சுற்றிப்போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். சுங்கைப்பட்டாணியோ கூலிமோ பீடோங் தோட்டமோ, பக்கத்து அரசாங்க கிளினிக்கில் காட்டி, கண் நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அலோர் ஸ்டார் சுல்தானா பாஹியா மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது. நோய் கண்ணுக்குள் இருக்கும்வரை பெரும்பாலான பிள்ளைகள் பிழைப்பார்கள். பார்வை நரம்பு வழியே மூளைக்குப் போய்விட்டால் காப்பது கடினம்.

ஒரு பிள்ளைக்கு நோய் உறுதியானால் தம்பி தங்கையின் கண்களையும் பார்க்கச் சொல்லுங்கள். மரபணுச் சோதனைக்கு வசதி உண்டா என்றும் கேளுங்கள். முதல் அடியோடு பிறந்தவர்கள் வளர்ந்து பெற்றோரானால், ஒவ்வொரு குழந்தைக்கும் அது இறங்கும் வாய்ப்பு சரிபாதி. அந்தக் குழந்தையின் கண்ணைப் பிறந்த சில நாட்களிலேயே சோதித்தால் கட்டியைச் சிறியதிலேயே பிடிக்கலாம். உயிரோடு பார்வையையும் காக்கலாம்.